ஹெஸ்டர் பிக்ரலுக்குப் பிள்ளை இல்லை

நோரீன் செட்லாக்குக்கு அமெரிக்க வரலாறு பிடிக்காது. அதைச் சொல்லிக்கொடுத்த மனிதரைப் பிடிக்காது. கூடப் படித்த பதினெட்டுப் பேரையும் பிடிக்காது. ஆனால் அந்த ஒரு பாடத்தில் பி கிரேடு வாங்காமல் நர்ஸிங் படிப்பில் இடம் இல்லை என்று கல்லூரி கறாராகச் சொல்லிவிட்டது. மாத்திரை கொடுக்கவும் ஊசி போடவும் போகிறவளுக்கு, 1794-இல் எவன் கொட்டகையை எவன் கொளுத்தினான் என்பது எதற்கு? கேட்டுப் பார்த்தாள். அது பொதுப்பாடமாம், எல்லோரும் படித்துத்தான் ஆக வேண்டுமாம்.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பென்சில்வேனியாவின் மேற்குக் கோடியில், எஃகு ஆலை மூடிப்போன கெர்ன்ஸ் ஃபெரி என்ற ஆற்றங்கரை ஊரில், முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாக உதவியாளர் வேலை. தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, துடைத்துவிடுவது, அதற்குப் பதிலாகத் திட்டு வாங்குவது. கிழவர்கள் திட்டினால் அவளுக்கு உறைக்காது. மறுநாள் அவர்களுக்கே நினைவிருக்காது. தலைமை நர்ஸ் லொரெட்டா பிக்ரல் திட்டுவதுதான் உறைத்தது. லொரெட்டாவின் தொண்டை அப்படி. அவள் மேல்மாடியில் கத்தினால் கீழே சமையலறையில் கரண்டி கீழே விழும்.

நர்ஸிங் விண்ணப்பத்தோடு இரண்டு காகிதம் வைக்க வேண்டும். ஒன்று மதிப்பெண் பட்டியல். இன்னொன்று, இவள் இத்தனை மணி நேரம் நோயாளிகளைக் கவனித்திருக்கிறாள் என்று மேலதிகாரி கையெழுத்திட்ட படிவம். மேலதிகாரி என்றால் வேறு யார்? லொரெட்டாவேதான்.

"மொதல்ல பாஸ் பண்ணிட்டு வா, அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்," என்று படிவத்தைத் திரும்பத் தள்ளிவிட்டாள் லொரெட்டா. "மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குது. இதுல காலேஜ் வேறயா? நீ நர்ஸாகி எனக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரப் போறியாக்கும்!"

அப்படி உட்கார வேண்டும் என்பதுதான் நோரீனின் ஆசையே. இனி ஒருத்தியும் தன்னை விரல் சொடுக்கிக் கூப்பிடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பாடு. லொரெட்டாவுக்கும் அது தெரியும். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதரைக்கு வகுப்பு என்று தெரிந்துகொண்டே திங்களும் புதனும் இராமுறை வேலையை நோரீனின் தலையில் கட்டினாள்.

வகுப்பில் பாடம் நடத்தியவர் இன்னொரு ரகம். ஹோவர்ட் ஸ்ட்ரூபிள். டாக்டர் ஸ்ட்ரூபிள் என்று கூப்பிட வேண்டும், மிஸ்டர் என்று சொன்னால் அவருக்குக் காது கேட்காது. மூன்று வளாகங்களில் ஆறு வகுப்புகள் எடுத்தார். காரிலேயே சாப்பிட்டு, காரிலேயே தாள் திருத்துகிறார் என்று பேச்சு. இருபத்திரண்டு வருடமாக ஒரே பாடம், ஒரே நகைச்சுவை. 'தெரியாது' என்ற ஒரு சொல் மட்டும் அந்த வாயிலிருந்து வந்ததே கிடையாது. யாராவது எக்குத்தப்பாக ஏதாவது கேட்டால், "நல்ல கேள்வி. நீயே தேடிப் படிச்சிட்டு வா," என்பார்.

நோரீன் முதல் நாளே அவர் கண்ணில் விழுந்துவிட்டாள். சுதந்திரப் பிரகடனம் நடத்தும்போது பின்வரிசையைப் பார்த்து, "மிஸஸ் செட்லாக், நமக்கெல்லாம் புத்தகந்தான் கதி. நீங்க நேர்லயே பாத்திருப்பீங்க. அன்னிக்கு வெயில் எப்படி?" என்றார். பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். நோரீனும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள். மதிப்பெண் அவர் கையில் இருக்கிறதே.

தேர்வு முறை இதுதான். நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். கலகம், சட்டம், ஒப்பந்தம், ஆள் என்று எல்லாம் கலந்து இருக்கும். அதில் ஐந்து வரும், ஒவ்வொன்றுக்கும் இருபது. யார், என்ன, எங்கே, எப்போது, அதனால் என்ன ஆயிற்று என்று நீல அட்டை போட்ட மெல்லிய நோட்டில் எழுத வேண்டும். நோட்டையும் நாமே வாங்கிக்கொண்டு போக வேண்டும். பாடப்புத்தகம் செங்கல் கனம். அதை எவன் படிப்பான்? பட்டியலைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று எழுதி, கைபேசியில் ஒரே இடத்தில் போட்டுவிடுவார்கள். எல்லோரும் அதை உருப்போட்டு வந்து கக்குவார்கள். எல்லாக் கல்லூரியிலும் எல்லா வருடமும் நடக்கிற கூத்துதான், இதில் ஒளிவுமறைவே இல்லை.

அந்த வருடம் பங்கு போட்டவள் கெண்ட்ரா வோக். இருபத்திரண்டு வயது. அதே முதியோர் இல்லத்தில் பகல் முறை உதவியாளர். லொரெட்டாவுக்குச் செல்லம்.

"மம்மி, உங்களுக்குப் பத்து குடுத்திருக்கேன்," என்றாள் கெண்ட்ரா. வகுப்பே நோரீனை மம்மி என்றுதான் கூப்பிட்டது.

"பத்தா? உனக்கு எத்தன?"

"எனக்கு ஒண்ணு. எல்லாத்தையும் நாந்தான பங்கு பிரிக்கிறேன், அதுவும் வேலதான? உங்களுக்கென்ன மம்மி, வீட்ல கொழந்தையா குட்டியா? டைம் இருக்குமில்ல."

நோரீன் பட்டியலை வாங்கிக்கொண்டாள். பத்தையும் எழுதினாள். கிழவர்களுக்கு மதியக் கஞ்சி ஊட்டிவிட்டுக் கிடைக்கிற இருபது நிமிடத்தில், துணி வெளுக்கும் அறையில், உலர்த்தும் எந்திரத்தின் மேல் அந்தச் செங்கல்லை விரித்துவைத்துப் படித்தாள். அந்த வகுப்பில் புத்தகத்தைத் திறந்த ஒரே ஆள் அவள்தான். பிடிக்காது என்று சொன்னாலும், படித்தது எதுவும் அவளுக்கு மறக்கவில்லை.

ஒன்பது எழுதி முடித்த அன்றுதான் கைபேசியில் அந்தப் படம் வந்தது. வகுப்பில் அவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற படம். இராமுறை முடித்து நேரே வந்த செவ்வாய்க்கிழமை அது. யாரோ எடுத்துப் பொதுவில் போட்டிருந்தார்கள். கீழே, 'அருங்காட்சியகப் பொருள், காலம் 1794, தொடாதீர்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பதினேழு பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். கெண்ட்ரா மூன்று போட்டிருந்தாள்.

நோரீன் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தாள். இவர்களுக்கு நான் மாடாக உழைத்துப் போடுகிறேன், இவர்கள் என்னைப் படம் பிடித்து விளையாடுகிறார்களா? சரி, விளையாடலாம் என்று முடிவு கட்டினாள்.

பத்தாவது தலைப்பு விஸ்கிக் கலகம். விஸ்கி மேல் போட்ட வரியை எதிர்த்து அந்தப் பக்கத்து விவசாயிகள் கிளம்பிய கதை. கெர்ன்ஸ் ஃபெரியிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் அது நடந்த இடமே வந்துவிடும். அவள் முதல் நான்கு வரியை ஒழுங்காக எழுதினாள். பிறகு, புத்தகத்தை மூடிவிட்டு, கீழ்க்கண்டதைச் சேர்த்தாள்:

'இக்கலகத்தைத் தொடங்கிவைத்தவர் ஹெஸ்டர் பிக்ரல் என்ற பெண்மணி. வரி கேட்டு வந்த அதிகாரியின் தலையில், கொதிக்கும் தானிய ஊறலை நீளக் கரண்டியால் மொண்டு ஊற்றினார். அவரது குரல் இரண்டு மைல் தூரம் கேட்கும். அவர் வாய்க்கு அஞ்சியே பாதி விவசாயிகள் கலகத்தில் சேர்ந்தனர்.'

அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. பிக்ரல் என்ற பெயரைத் தேடிக்கொண்டு எங்கும் போகவில்லை, மாடியிலிருந்து அந்த நேரம் லொரெட்டா கத்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். டாக்டர் ஸ்ட்ரூபிள் இதைப் பார்த்த உடனே பதினெட்டுப் பேருக்கும் முட்டை போடுவார் என்று நினைக்க நினைக்க நோரீனுக்கு இனித்தது. சுத்தமான கெட்ட எண்ணம்தான். அதில் அவளுக்குத் துளி வருத்தம் இல்லை.

நடுத்தேர்வில் விஸ்கிக் கலகம் வந்தது. நோரீன் புத்தகத்தில் இருந்ததை மட்டும் எழுதினாள். மற்றவர்கள் கரண்டியை எழுதினார்கள். பக்கத்து இருக்கைப் பையன் கரண்டியைப் படமாகவே வரைந்தான்.

அடுத்த வாரம் நீல நோட்டுகள் திரும்பி வந்தன. கெண்ட்ரா தன்னுடையதை விரித்துத் தோழியிடம் காட்டினாள். விஸ்கிக் கலகம், இருபதுக்கு இருபது. ஓரத்தில் சிவப்பு மையில் 'அருமையான விவரம்' என்று இருந்தது. வரிசை முழுக்க அப்படித்தான். நோரீன் தன் நோட்டைத் திறந்தாள். பன்னிரண்டு. 'விவரம் போதாது. படித்த மாதிரி தெரியவில்லை.' மொத்தம் எழுபத்தொன்று.

"மம்மி, நீங்க எழுதிப் போட்டதுதான் எல்லாருக்கும் மார்க் வாங்கிக் குடுத்திருக்கு," என்றாள் கெண்ட்ரா. "நீங்களே ஏன் எழுதல?"

"மறந்துட்டேன்," என்றாள் நோரீன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்று பிற்பகலே ஸ்ட்ரூபிளின் அறைக்குப் போனாள். அறை என்பது பெயருக்குத்தான். நான்கு பேர் பங்கிட்டுக்கொண்ட மேஜை அது. அவர் பன்றிக்கறி ரொட்டியைக் கடித்துக்கொண்டே இன்னொரு வளாகத்துத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டுகிற வேகத்தில் அவர் எதையும் படித்திருக்க முடியாது.

"டாக்டர் ஸ்ட்ரூபிள், இந்த விஸ்கிக் கலகத்துக்குப் பன்னெண்டுதான் போட்டிருக்கீங்க. புஸ்தகத்துல இருக்கறது அத்தனையும் எழுதியிருக்கேன்."

"ஹெஸ்டர் பிக்ரல் எங்க?"

"புஸ்தகத்துல அப்படி ஒரு ஆள் இல்லையே, டாக்டர்."

அவர் மெல்வதை நிறுத்தினார். ஒரே ஒரு நொடி அவர் கண் அலைந்ததை நோரீன் பார்த்தாள். இவருக்கும் தெரியாது! இவர் தேடியும் பார்க்கவில்லை! பதினெட்டுப் பேர் ஒரே மாதிரி எழுதினால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று போட்டுத் தள்ளியிருக்கிறார்.

"புஸ்தகத்துல இல்லேன்னா இல்லவே இல்லையா?" அவருக்குக் குரல் ஏறியது. "உழைச்ச பொம்பளைங்க பேரெல்லாம் புஸ்தகத்துல ஏறாது, மிஸஸ் செட்லாக். ஏன் ஏறலன்னு நீங்களாவது யோசிச்சிருக்கணும். உங்கள மாதிரி ஆளுங்களாலதான் அவங்க மறஞ்சே போறாங்க. நான் இருபத்திரண்டு வருஷமா இதச் சொல்லிக் குடுக்கறேன். நீங்க எனக்கு ஹெஸ்டர் பிக்ரலப் பத்திப் பாடம் நடத்த வந்துட்டீங்களா?"

'அவளைப் பெற்றவளே நான்தான்' என்ற சொல் நோரீனின் நாக்கு நுனி வரை வந்தது. அவர் மேஜையில் பாடத்திட்டக் காகிதம் கிடந்தது. இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்ததை அவள் முன்பே படித்திருந்தாள்: இல்லாததை இருப்பதாக எழுதிக் கொடுப்பவருக்குப் பாடம் முழுவதிலும் தோல்வி. அவள் நாக்கை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ், டாக்டர்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எழுபத்தொன்று என்றால் கடைசித் தேர்வில் எண்பத்தொன்பதாவது எடுக்க வேண்டும். அப்போதுதான் சராசரி எண்பது, அப்போதுதான் பி. காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு குத்துக் குத்தினாள். கைதான் வலித்தது.

வியாழக்கிழமை வகுப்பில் ஸ்ட்ரூபிள் ஹெஸ்டர் பிக்ரலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கரண்டி எத்தனை அடி நீளம் என்றுகூடச் சொன்னார். மறக்கப்பட்ட பெண்களை நினைவில் வைப்பது எவ்வளவு பெரிய கடமை என்றார். "இந்த வகுப்புல ஒருத்தருக்கு மட்டும் அது புரியல," என்று பின்வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்தப் பெயரைக் கடைசித் தேர்வுப் பட்டியலில் கையால் எழுதிச் சேர்த்தார்.

கெண்ட்ரா சும்மா இருப்பாளா? ஓடிப்போய் லொரெட்டாவிடம் சொல்லிவிட்டாள். ஒரு பெயர் கிடைத்தால் போதும், அந்த ஊரில் எல்லோருக்கும் கப்பலேறி வந்த முப்பாட்டன் ஒருத்தன் வேண்டும், போரில் குண்டடிபட்டவன் ஒருத்தன் வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது. இரண்டு வாரத்தில் லொரெட்டா ஹெஸ்டர் பிக்ரலின் ஆறாம் தலைமுறைப் பேத்தியாகிவிட்டாள். இறைச்சி ஆகாத தவக்கால வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து நடந்தபோது, வறுவல் தட்டோடு மேஜை மேஜையாகப் போய் அதைச் சொன்னாள்.

"எங்கப்பா வழி ஆளுங்க அந்தப் பக்கந்தான்," என்று முழங்கினாள். "இந்தத் தொண்ட எங்கேருந்து வந்துச்சுன்னு இத்தன நாள் யோசிச்சிட்டிருந்தேன்!"

அடுத்த திங்கட்கிழமை நர்ஸ் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய இரும்புக் கரண்டி தொங்கியது. பழைய சாமான் சந்தையில் வாங்கிவந்தது. கேட்டால் வழிவழியாக வந்தது என்றாள். எட்டாம் அறை மிஸ்டர் ஹனாக் சக்கர நாற்காலியில் வந்து அதற்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

"நீதான் கண்டுபிடிச்சியாமே," என்றாள் லொரெட்டா நோரீனிடம். "கண்டுபிடிக்கத் தெரிஞ்சவளுக்குப் பரீட்சைல எழுதத் தெரியல. எங்க குடும்பத்துப் பேர எழுத உனக்குக் கை கூசிச்சாக்கும்?"

நோரீன் படுக்கைத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் அழுதாள் என்று நினைத்தால் தப்பு. வெளுக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போலந்து மொழியில் தன் அப்பா திட்டுகிற அத்தனை வசவுகளையும் ஒன்று விடாமல் திட்டினாள்.

மே மாதம் கடைசித் தேர்வு. தாளைத் திருப்பினாள். ஐந்தாவது கேள்வி: ஹெஸ்டர் பிக்ரல். யார், எங்கே, எப்போது, வரலாற்றில் அவருடைய இடம் என்ன?

முதல் நான்கையும் நாற்பது நிமிடத்தில் முடித்தாள். புத்தகத்தில் இருந்தபடியே. அந்த நான்குக்கும் முழு மதிப்பெண் வந்தாலும் எண்பதுதான். எண்பத்தொன்பது வேண்டும். ஐந்தாவதை விடவும் முடியாது, குறைத்து எழுதவும் முடியாது.

புதுப் பக்கத்தில் எழுதினாள்: 'இப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. இவளை நான்தான்'

அதோடு பேனா நின்றது. மேஜைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஸ்ட்ரூபிளைப் பார்த்தாள். இவர் இதைப் படித்தால் என்ன செய்வார்? வெட்கப்படுவாரா? அந்த வேலையே அவருக்குத் தெரியாது. தோல்வி போட்டு அனுப்புவார். பிறகு இன்னும் பதினாறு வருடம் லொரெட்டாவின் விரல் சொடுக்குக்கு ஓட வேண்டும். அந்த வரியைக் காகிதம் கிழியும்படி அடித்துவிட்டு, கீழே எழுதத் தொடங்கினாள்.

எழுத எழுத நிற்கவில்லை. ஹெஸ்டருக்கு ஒரு கொட்டகை கட்டினாள், ஒரு நொண்டிக் குதிரை கொடுத்தாள். கரண்டியை அடித்துக் கொடுத்த கொல்லனுக்குப் பெயர் வைத்தாள். கலகத்தை அடக்கப் படை வந்தபோது ஹெஸ்டர் பனியில் ஓடியதை எழுதும்போது அவளுக்கே மூச்சு வாங்கியது. உலகத்திலேயே இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள்தானே! மூன்று பக்கம் தாண்டி, கடைசிப் பத்தியில் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்: 'ஹெஸ்டர் பிக்ரல் மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை இல்லை. அந்த வம்சம் அவரோடு முற்றாக அற்றுப்போயிற்று.'

அதை எழுதிய பிறகுதான் அவளுக்கு நெஞ்சு ஆறியது.

தொண்ணூற்றொன்று வந்தது. ஐந்தாவதற்கு இருபதுக்கு இருபது. சிவப்பு மையில், 'கடைசியில் ஒருவழியாகப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள்' என்று இருந்தது. சராசரி எண்பத்தொன்று. நோரீன் அந்த நோட்டையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு நேரே நர்ஸ் மேஜைக்குப் போனாள்.

"பாஸ் பண்ணிட்டேன். பி," என்று படிவத்தை வைத்தாள். அதற்கு மேல் நீல நோட்டையும் விரித்து வைத்தாள். "உங்க பாட்டியப் பத்தித்தான் எழுதியிருக்கேன். அந்தக் கடைசிப் பத்தியப் படிச்சுப் பாருங்க."

லொரெட்டா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தாள். உதடு அசைந்தது. பிறகு அசையாமல் நின்றது.

"பிள்ளை இல்லையா?"

"இல்ல. கல்யாணமே இல்ல. டாக்டர் ஸ்ட்ரூபிளே சிவப்பு மையில முழு மார்க் போட்டிருக்காரு, பாருங்க."

கெண்ட்ரா மருந்து வண்டியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக லொரெட்டாவின் வாய் அடைத்ததை நோரீன் கண்குளிரப் பார்த்தாள். அது பத்து விநாடி நீடித்திருக்கும்.

"சரி," என்றாள் லொரெட்டா. "பிள்ள இல்லேன்னா என்ன? கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்திருப்பானில்ல? நாங்க அந்த வழி." நோட்டைப் பின்னால் புரட்டினாள், முன்னால் புரட்டினாள். தொகையைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. "தொண்ணூத்தொண்ணு. இந்த இருபது இல்லேன்னா எழுபத்தொண்ணு. அப்ப உனக்கு பி கெடச்சிருக்குமா?"

நோரீன் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கெடச்சிருக்குமான்னு கேட்டேன்."

"இல்ல."

"ஆக, எங்க வீட்டுப் பொம்பளதான் உன்னத் தூக்கி விட்டிருக்கா." லொரெட்டா பேனாவை எடுத்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. பேனா முனையால் படிவத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "பதினாறு வருஷமா துணி வெளுக்கற ரூம்ல நின்னு என்னத் திட்டற. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? பரவால்ல. எனக்கு ஒண்ணும் வேணாம். அவளுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுக் கையெழுத்த வாங்கிட்டுப் போ."

"யாருக்கு?"

"ஹெஸ்டருக்கு. அதோ, கரண்டியப் பாத்துச் சொல்லு. சத்தமா."

கெண்ட்ரா கைபேசியை எடுத்துவிட்டாள். மிஸ்டர் ஹனாக் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நோரீனுக்குக் காது மடல் வரை கொதித்தது. அந்தக் கரண்டியைப் பிடுங்கி என்னவெல்லாம் செய்யலாம் என்று ஒரு கணத்தில் எல்லாம் தோன்றியது. விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"தேங்க்ஸ், ஹெஸ்டர்," என்றாள்.

"கேக்கல."

"தேங்க்ஸ், ஹெஸ்டர் பிக்ரல்!"

லொரெட்டா கையெழுத்துப் போட்டுப் படிவத்தைத் தள்ளினாள். நோரீன் அதை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்தத் தேங்க்ஸ் உண்மை. இந்தப் பாடம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு உதவி செய்தது ஹெஸ்டர் பிக்ரல் ஒருத்திதான்.